அறுமீன் குடியரசின் முதல் சட்டம்

ஞானசெல்விக்கு மன்னிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பழைய தோழர் ஒருவர், "கடைசியில மன்னிச்சிருவாளாவே?" என்று கேட்டார். மாட்டாள். அந்த ஆறுதல் வேண்டுகிறவர்கள் வேறு ஏதாவது படிக்கலாம்.

சங்கரன்கோவிலில் முகம்மது இஸ்மாயிலின் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரில் எழுத்தடிக்கிறாள். கலியாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு. ஊரில் யார் யாரைக் கட்டினார்கள், யார் எப்போது செத்தார்கள் என்பது தாலுகா ஆபீசுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். வயது நாற்பத்தெட்டு. புருஷன் லாரி விபத்தில் போய்விட்டார். ஒரே மகள் ஜாய்லின். சபையின் ஞாயிறு பள்ளியில் பதினெட்டு வருடம் பாடம் எடுத்ததால் பாதி ஊருக்கு அவள் 'டீச்சர்'.

எனக்கு அவளைத் தெரிந்தது நோட்டீசால். விசைத்தறித் தொழிலாளர் சங்கத்துக்கு நான் பத்தொன்பது வருடம் நோட்டீஸ் எழுதினேன். எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தவள் அவள். அடிப்பதோடு நிற்க மாட்டாள்.

"அண்ணாச்சி, ஒரே நோட்டீசுல 'அறைகூவல்' நாலு தடவ வருது. நாலு தடவ கூப்பிட்டா வாரவனும் வரமாட்டான். ரெண்ட எடுத்துட்டேன்."

"அது சங்கம் தீர்மானிச்ச வாசகம்மா."

"சங்கம் தீர்மானிச்சா தமிழு கேக்குமா?"

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வேலைநிறுத்தம். தறி முதலாளிகளில் சிலர் கிறிஸ்தவர்கள் என்பதால், கூலியைப் பிடித்து வைக்கிறவனைச் சபிக்கிற ஒரு வேத வசனத்தை நோட்டீசில் போட்டேன். பாதி ஞாபகத்தில் எழுதியது, தப்பு. அவள் ஒன்றும் சொல்லாமல் வசனத்தைத் திருத்தி, அதிகாரமும் எண்ணும் சேர்த்து அடித்துவிட்டாள். பழக்கதோஷம்.

அந்த நோட்டீஸ் பவுல்பாண்டியன் கைக்குப் போனது. நாற்பது தறிக்காரர். ஊருக்கு மேற்கே, ஞானசெல்வி போகிற அதே சபையின் செயலர். பேசும் முன் மூன்று முறை தொண்டையைச் செருமுவார். கோரிக்கைகளை அவர் படிக்கவே இல்லை. வசனத்தைத்தான் பார்த்தார்.

"சங்கத்துக்காரனுவ வசனம் போட்டா தப்பாத்தான் போடுவானுவ. இது எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கு. சண்டே ஸ்கூல் கையி" என்றாராம்.

ஆள் யாரென்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. அடுத்து சபைக் கமிட்டித் தேர்தலுக்கு உறுப்பினர் பட்டியல் ஒட்டினார்கள். ஞானசெல்வி பெயர் இல்லை. கேட்டாள். "பாப்போம்" என்றார்கள். வசனத்தை நான் சரியாக எழுதியிருந்தால் அவள் கை அதில் பட்டிருக்காது. என் பங்கை நான் மறைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஜாய்லினுக்குப் புளியங்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பக்கத்துச் சபைகளில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் சபை நடுவே கேட்பார். யாரும் எதுவும் சொல்லாதது வழக்கம். முதல் ஓலை முடிந்தது. இரண்டாம் ஓலை முடிந்தது. மூன்றாம் ஓலைக்குப் புளியங்குடிச் சொந்தமெல்லாம் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது. பவுல்பாண்டியன் எழுந்து மூன்று முறை செருமினார்.

"பெண்ணோட தாயார் பேரு சபைப் பட்டியல்ல இல்ல. ஒழுக்கக் காரணத்தால நீக்கியிருக்கோம்."

அவ்வளவுதான். என்ன ஒழுக்கம் என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் அவருடைய சாமர்த்தியம். புருஷன் இல்லாத பெண்ணைப் பற்றி 'ஒழுக்கக் காரணம்' என்று சொல்லிவிட்டால் மீதியை ஊர் எழுதிக்கொள்ளும். புளியங்குடிக்காரர்கள் ஆராதனை முடியும் வரைகூட இருக்கவில்லை. கோவிலில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அது நோட்டீஸ் விவகாரம் என்று பாதிப் பேருக்காவது தெரியும். ஒரு வாய் திறக்கவில்லை. ஜாய்லின் கோயம்புத்தூருக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள்தான். கிறிஸ்துமசுக்கும் வருவதில்லை.

ஞானசெல்வி அழுததை நான் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறும் கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். பக்தியா என்று கேட்டேன்.

"பக்தியா? ஒவ்வொருத்தன் பிடதியா பாத்து மனப்பாடம் பண்ணுதேன் அண்ணாச்சி."

அந்த மாதமே அவள் ஒரு நாட்டை உண்டாக்க ஆரம்பித்தாள்.

அறுமீன் குடியரசு. கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு நட்சத்திரம், பதினோரு கிரகம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிவேடு. பத்திரிகைத் தாள் வெட்டும்போது கழிகிற ஓரத்தாளில், உள்ளங்கை அளவில், எட்டுப் பக்கம் எட்டுப் பக்கமாக அடித்துப் பின் குத்துவாள். இஸ்மாயில் பாய் தடுக்கவில்லை.

"கழிவுத்தாளுதான, அடிச்சுட்டுப் போ. ஏம்மா, ஒன் நாட்டுல எங்க ஆளுங்க உண்டுமா?"

"நாலாவது நச்சத்திரத்துல பள்ளிவாசல் இருக்கு பாய்."

"மினாரா எத்தன?"

"ரெண்டு."

"நாலா போடு. நீயா கட்டப் போற?"

கதை இது. பூமியிலிருந்து விசுவாசிகள் ஒரு பெருங்கலத்தில் ஏறி வேறு நட்சத்திரம் தேடிப் போகிறார்கள். முந்நூறு வருடப் பயணம். கலத்தை இழுப்பது வெளிச்சத்தைப் பிடிக்கிற பாய், ஊர் அகலத்துக்கு நெய்த துணி. அது கிழியக் கிழிய நெய்துகொண்டே இருக்க வேண்டும். நெய்கிறவர்கள், தறிக்கு நூலைத் தார் சுற்றுகிறவர்கள் எல்லோரும் கீழ்க்கிடங்கில். மூப்பர்கள் மேல்தட்டில். ஞாயிறுதோறும் மேல்தட்டுச் செயலர் பதிவேட்டை வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவர்களுக்கு ஒரு வாரத்துக்குக் காற்று. விடுபட்டவர்களுக்குக் குழாயை அடைத்துவிடுவார்கள். அந்தச் செயலரும் வாசிக்கும் முன் மூன்று முறை செருமுவார். இதைப் படித்த அன்று தறிக்கூடங்களில் பெண்கள் சிரித்த சிரிப்பில் தறிச் சத்தம் கேட்கவில்லை என்றார்கள்.

ஒரு ஞாயிறு, தார் சுற்றுகிற ஒருத்தியின் மகள் பெயரைச் செயலர் விட்டுவிடுகிறார். மேலும் கீழும் ஆயிரக்கணக்கானவர்கள் கேட்கிறார்கள், பேசாமல் இருக்கிறார்கள். மகள் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. அடுத்த ஞாயிறு செயலர் செருமியதும் தாய் காற்றுக் குழாயில் வாயை வைத்து மகளின் பெயரைக் கத்துகிறாள். பக்கத்தில் இருந்தவள் தன் பெயரைக் கத்துகிறாள். பிறகு கிடங்கு முழுக்க. நாலாயிரம் பெயர் குழாய் வழியே மேல்தட்டுக்கு ஏறுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுவது கடவுளின் வேலை, செயலரின் வேலை இல்லை. இதுதான் அந்தக் கலகத்தின் வேதம். மூன்று நாள் தறி ஓடவில்லை, பாய் கிழிகிறது, கலம் நிற்கிறது. கலகக்காரர்கள் மேலே ஏறி வருகிறார்கள். செயலரைக் கொல்லவில்லை.

"கொல்லுதது சுளுவுல்லா" என்றாள் என்னிடம். "அது ஒரு நிமிசத்துல முடிஞ்சுரும்."

அவர் கையில் பேனாவைக் கொடுக்கிறார்கள். நீ நீக்கிய பெயரையெல்லாம் உன் கையால் எழுது, உன் வாயால் வாசி. பதினோரு நாள் எழுதுகிறார். பிறகுதான் ஆறு நட்சத்திரத்திலும் இறங்கிக் குடியரசு அமைக்கிறார்கள்.

அதன் முதல் சட்டம்: தடை தெரிந்தும் வாய் மூடியிருந்தவர் முதல் குற்றவாளி. பொய் சொன்னவன்கூட இரண்டாவதுதான். முதல் குற்றவாளிகளுக்கு ஆறாம் நட்சத்திரத்தில் ஒரு கிரகம். அங்கே சத்தமே கேட்காது.

"பேசாம இருந்தாவல்லா. அங்கன போய் நல்லாப் பேசாம இருக்கட்டும்."

நாலு வருடத்தில் பதினோரு பாகம். சபையில் அன்று பேசாமல் இருந்த ஒவ்வொரு குடும்பமாகப் பிடித்து அந்தக் கிரகத்துக்கு அனுப்பினாள். பெயர் போட மாட்டாள். சபையின் அசன விருந்துக்கு ஐந்தடுக்குத் தூக்குவாளியோடு வருகிற மூப்பர், எல்லோருக்கும் அரை அடி முன்னால் பாடி முடிக்கிற அம்மாள் என்று அடையாளம் இருக்கும். தார் சுற்றுகிற பெண்கள் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கைமாற்றிப் படித்தார்கள். பெரும்பாலோர் சபைக்குச் சம்பந்தமில்லாதவர்கள். அதில் முதல் ஆள் பேச்சித்தாய். பாகம் வர இரண்டு நாள் தாமதமானால் அச்சகத்துக்கே வந்துவிடுவாள்.

"யக்கா, இந்தத் தடவ யார ஏத்தி விடுத?"

"பொறுட்டி. கிரகத்துல எடம் பாக்கணும்."

பழிவாங்கும் உணர்ச்சி வர்க்கப் போராட்டத்துக்கு ஆகாது என்று எங்கள் கட்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். நானும் பலருக்குச் சொல்லித் தந்தேன். ஞானசெல்வியிடம் சொன்னதில்லை. பயம்தான்.

போன தை மாதம் பவுல்பாண்டியன் மகள் ரெனிக்கு முதல் ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை ஜெபஸ்டின், பி.இ., வெளி மாநிலத்தில் வேலை. தகப்பன் பெயர், ஊர், வீட்டுப் பெயர், கலியாணம் ஆகாதவர் என்று அங்குள்ள சபை கொடுத்த தாள் எல்லாம் வாசித்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஞானசெல்வி நிமிர்ந்தாள். அந்தப் பெயர்களை அவள் ஏற்கனவே அடித்திருக்கிறாள்.

ஆராதனை முடிந்ததும் பாயிடம் சாவி வாங்கி அச்சகத்தைத் திறந்து பழைய ஃபைல்களைத் தேடினாள். ஆறு வருடத்துக்கு முந்தைய கலியாணப் பத்திரிகை. அதே ஜெபஸ்டின், அதே தகப்பன், அதே வீட்டுப் பெயர். பெண் கிருபாபாய், ஊர் பனவடலிசத்திரம். பெண் வீட்டார் இங்கே அடித்தது. ரோஸ் அட்டை, மேலே வெள்ளிப் புறா.

திங்கட்கிழமை என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பனவடலிசத்திரம் போனாள். கிருபாபாய் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். நிறையப் பேசவில்லை.

"எட்டு மாசம் இருந்தாவ. வேலைன்னு போனாவ. நம்பர மாத்திட்டாவ. நான் கோர்ட்டுக்கும் போகல, எங்கனயும் போகல. அங்கன ஏதோ புதுச் சபையில சேந்து, கலியாணம் ஆகலன்னு தாளு வாங்கிருக்காவளா?"

"வாங்கிருக்கான்" என்றாள் ஞானசெல்வி.

கிருபாபாய் உள்ளே போய்ப் பத்திரிகை ஒன்றும் கலியாணச் சான்றிதழின் நகலும் எடுத்து வந்து கொடுத்தாள். "அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிருவீங்கல்லா டீச்சர்?"

ஞானசெல்வி இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் சொன்னாள்.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

எனக்கு முதலில் புரியவில்லை.

"பவுல்பாண்டியன் எம்பிள்ளைக்கு இல்லாதத சொல்லிக் கெடுத்தான். நான் இருக்கதச் சொல்லாமக் கெடுக்கேன். ஒரு சுண்டு வெரல அசைக்க வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். அவன் கூட்டி வச்ச அதே சபையில அவன் மவளுக்குத் தாலி கட்டட்டும். அதுக்கப்புறம் பனவடலி எங்க இருக்குன்னு நானே வழி சொல்லுதேன்."

"அந்தப் பிள்ள என்ன செஞ்சுது?"

"எம்பிள்ள என்ன செஞ்சுது?"

நான் பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கூட்டமாகப் பேசி வளர்ந்தவன் நான்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. கடைசி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அன்று சாயங்காலம் நான் பொறுக்காமல் பேச்சித்தாயிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஊரில் வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. பவுல்பாண்டியனிடம் நான் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சங்கத்து ஆள் கொண்டுபோகிற தாளை அவர் கையால் தொட மாட்டார். அதோடு, பத்திரிகையும் சான்றிதழும் ஞானசெல்வி பையில் இருந்தன.

புதன்கிழமை பேச்சித்தாய் அச்சகத்துக்கு வந்தாள். தலையில் பஞ்சுத் தூசி. வந்தவள் உட்காரவில்லை.

"யக்கா, ஒன் நாட்டு மொத சட்டம் என்ன?"

"எதுக்குட்டி கேக்க?"

"மறந்துபோச்சு."

"மறக்கலன்னு ஒன் மூஞ்சியே சொல்லுது. அண்ணாச்சி ஊதிட்டாராக்கும்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"தடை தெரிஞ்சும் வாய மூடுனவ மொத குத்தவாளி. நீ எழுதுனது. நாங்களா எழுதச் சொன்னோம்? அந்தச் சத்தமில்லாத ஊருல ஒனக்கும் ஒரு வீடு பாத்து வைக்கட்டா?"

உள்ளே பாய் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"அது கதைட்டி."

"கதையா. போன ஆடியில ஷெட்டுல சூப்பர்வைசர் ஒருத்தி மேல கை ஓங்குனான். பதினாறு பேரு மெஷின நிறுத்திட்டு வாயத் தொறந்தோம். எதப் படிச்சுட்டுத் தொறந்தோம்னு நெனைக்க? அண்ணாச்சி நோட்டீசையா?"

இது எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் உண்மை.

"எம்பிள்ளைக்கு எவ வாயத் தொறந்தா?" என்றாள் ஞானசெல்வி.

"யாரும் தொறக்கல. அதான கதை. அதுக்குத்தான இத்தன பேரக் கிரகத்துக்கு அனுப்புன?"

பேச்சித்தாய் போய்விட்டாள். ஞானசெல்வி அன்றைக்கு ஒரு திறப்பு விழா நோட்டீசில் தேதியைத் தப்பாக அடித்தாள். நான் அறிந்து அது முதல் தடவை. வியாழக்கிழமை பன்னிரண்டாம் பாகத்தை அடித்தாள். அதில் கதை இல்லை. சட்டத் திருத்தம் மட்டும். 'பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டவருக்குப் பேசும் கடமை இல்லை. அவர் வாய் மூடியிருந்தால் குற்றமாகாது.' வெள்ளிக்கிழமை காலை அறுபது பிரதி தறிக்கூடங்களுக்குப் போனது.

சனிக்கிழமை மதியம் அறுபதும் திரும்பி வந்தன. கழிவு நூலால் இறுக்கிக் கட்டி அவள் கீபோர்டின் மேல் வைத்தாள் பேச்சித்தாய். கூட நாலு பெண்கள். மேல் பிரதியில், துணியில் குறி போடுகிற பென்சிலால் 'செல்லாது' என்று எழுதியிருந்தது.

"நாட்ட உண்டாக்குனவ நான்" என்றாள் ஞானசெல்வி.

"உண்டாக்குனவ நீ. குடியிருக்குதது நாங்க."

"எனக்குப் பேரு இல்லட்டி அங்க. நான் எந்திரிச்சா, நீ யாருன்னு கேப்பான். சபையில இல்லாதவ தடை சொல்ல முடியாதும்பான்."

"ஒன் கதையில அந்தப் பொம்பளைக்கு மட்டும் பேரு இருந்துச்சா?"

ஞானசெல்வி கட்டைப் பிரிக்காமல் மேசைக்குக் கீழே தள்ளினாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

"சரி. பேசுதேன். ஆனா அவனாக் கேட்டாத்தான் பேசுவேன்."

மூன்றாம் ஓலைக்கு நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கோவிலுக்குள் நான் நுழைந்து முப்பது வருடம் இருக்கும். முன் பெஞ்சில் பவுல்பாண்டியன், ரெனி, மாப்பிள்ளை வீட்டார், மாப்பிள்ளை ஜெபஸ்டின். பேச்சித்தாய் வெளியே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குருவானவர் ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார்.

ஞானசெல்வி எழுந்தாள்.

இருநூறு தலை திரும்பியது. பவுல்பாண்டியன் எழுந்து செருமினார். "உறுப்பினர் இல்லாதவங்க இங்க பேச முடியாது. ஞானசெல்வி, ஒக்காரு."

"சரி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

குருவானவர், எங்கள் பக்கத்துப் பேச்சில் ஐயரவாள், புதிதாக வந்தவர். பழைய கதை தெரியாதவர். "அம்மா, தடை இருக்கா? இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

"எனக்குப் பேரு இல்ல ஐயரவாள். பேரில்லாதவ என்னத்தச் சொல்ல?"

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ரோஸ் அட்டையை எடுத்து, வெள்ளிப் புறா தெரிகிற மாதிரி முன்னால் இருந்த பெஞ்சின் முதுகில் சாய்த்து வைத்தாள். முன் பெஞ்சிலிருந்து பார்த்தே அந்த அட்டை இன்னதென்று தெரியக்கூடிய ஆள் அந்தக் கோவிலில் ஒருவன்தான். ஜெபஸ்டின் அதைப் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனான். போன் அடிக்கவே இல்லை. எல்லோரும் பார்த்தார்கள். பவுல்பாண்டியனும் பார்த்தார்.

நாற்பது தறி ஓட்டுகிறவர் முட்டாள் இல்லை. முகம் வெளிறிவிட்டது. "என்னம்மா அது?"

"நான் சபையில இல்லல்லா, செயலர் ஐயா."

"என்னன்னு சொல்லு."

"பதிவேடு வெஸ்ட்ரி ரூமுலதான இருக்கு. எடுத்துட்டு வாங்க. ஒங்க கையால எழுதுங்க."

அவர் குருவானவரைப் பார்த்தார். குருவானவர் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். ஞானசெல்வி எழுந்து போகவில்லை. பவுல்பாண்டியன்தான் பதிவேட்டோடு கடைசி பெஞ்சு வரை நடந்து வந்தார். அவள் தன் பேனாவைக் கொடுத்தாள். எழுதினார்.

"வாசிங்க."

"ஞானசெல்வி."

"முன் பெஞ்சுக்குக் கேக்கல."

"ஞானசெல்வி" என்று உரக்கச் சொன்னார்.

"எதுக்கு நீக்குனீங்க?"

"அது... ஒழுக்கக் காரணம்."

"என்ன ஒழுக்கம்?"

மூன்று முறை செருமினார். நாலாவது முறையும் செருமினார். ரெனி முன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோட்டீசு அடிச்சதுக்கு" என்றார்.

ஜன்னல் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது.

"எம்மவ ஜாய்லின் மேல ஏதாவது குத்தம்?"

"ஒண்ணும் இல்ல."

தூக்குவாளி மூப்பர் மெல்ல எழுந்து, "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்மா, அது அநியாயம்னு" என்றார்.

ஞானசெல்வி அவர் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சா ஏன்வே சும்மா இருந்தீரு?"

மூப்பர் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அட்டையையும் சான்றிதழ் நகலையும் பவுல்பாண்டியன் கையில் கொடுத்தாள். "தடை இருக்கு ஐயரவாள். மாப்பிள்ளைக்கு ஏற்கனவே கலியாணம் ஆயிருக்கு. பொண்டாட்டி பனவடலிசத்திரத்துல இருக்கா. பேரு கிருபாபாய்." நின்றபடி, ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். பவுல்பாண்டியன் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு வெளியே போக அன்று நிறைய வழி இருந்தது. எல்லோரும் விலகி வழி விட்டார்கள்.

கலியாணம் நின்றது. பவுல்பாண்டியன் செயலர் பதவியை விட்டார். தறிகள் ஓடுகின்றன, ஆனால் அவர் செருமினால் தார் சுற்றுகிற பெண்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், சிரிப்பை மறைக்க. ஞானசெல்வி அன்று ராத்திரியே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாளாம்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"'சரிம்மா'ன்னா. டியூட்டி இருக்குன்னு வச்சுட்டா."

பழி வாங்கினால் போனது திரும்பி வரும் என்று நினைக்கிறவள் இல்லை ஞானசெல்வி. போகக் காரணமானவன் நிம்மதியாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது. கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் ரெனி அச்சகத்துக்கு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். வந்தவள் நேராகக் கேட்டாள்.

"டீச்சர், மொத ஓலை அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம்ல."

"பண்ணிருக்கலாம்."

"ஏன் பண்ணல?"

"மொதல்ல கடைசி வர சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அப்புறம், ஒங்கப்பா பதிவேட்டத் தூக்கிக்கிட்டு நடந்து வாரதப் பாக்கணும்னு இருந்துச்சு."

நான் நடுவில் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். பாய் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

ரெனி ஒரு அடி முன்னால் வந்தாள். "ஜாய்லின் அக்கா ஓலை அன்னைக்கு நான் ரெண்டாவது பெஞ்சுல இருந்தேன். அது பொய்யின்னு எனக்குத் தெரியும். முந்துன நாளு அப்பா வீட்டுல சொல்லிச் சிரிச்சாவ."

"அப்ப ஒனக்கு என்ன வயசு?"

"இருவது."

"வாயத் தொறக்க அது போதும்."

"போதும்" என்றாள் ரெனி. கண் கலங்கியது, ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை. "நான் அந்தக் கிருபாபாய் அக்காவப் பாக்கணும். அவங்க கேஸ் குடுத்தா நானும் சேந்து குடுக்குதேன். அவன் இன்னொரு ஊருல இன்னொரு தாளு வாங்கக் கூடாது. பத்திரிகை அடிச்சது நீங்கதான்னு சாட்சி சொல்ல வருவீங்களா?"

ஞானசெல்வி அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததாக நான் எழுத மாட்டேன். வேலைக்கு ஆள் சரியா என்று பார்க்கிற பார்வை அது.

"ஒங்கப்பா வேண்டாம்பாவ."

"சொல்லிட்டாவ. ஊரெல்லாம் சிரிச்சது போதும்னாவ."

"நீ என்ன சொன்ன?"

"நான் கெளம்பி வந்துட்டேன்."

ஞானசெல்வி அடித்துக்கொண்டிருந்த காதுகுத்துப் பத்திரிகையைச் சேமித்துவிட்டுத் திரையை அணைத்தாள். பையில் ஜெபஸ்டின் பத்திரிகை ஃபைலின் பிரதியை வைத்தாள்.

"பாய், நான் அரை நாளு லீவு."

"காதுகுத்துக்காரன் பன்னெண்டு மணிக்கு வருவானேம்மா."

"காது எங்கயும் போயிராது பாய், நாளைக்குக் குத்தலாம்." பிறகு ரெனி பக்கம் திரும்பினாள். "பதினொன்னே காலுக்கு பனவடலி பஸ்ஸு. அதுக்குள்ள அவன் வேல பாக்குத எடத்து அட்ரஸு, அவன் சேந்துருக்க சபையோட பேரு, அவனுக்குத் தாளு குடுத்தவன் பேரு, எல்லாத்தயும் ஒரு தாள்ல எழுது. தெளிவா எழுது. போலீசு ஸ்டேசன்ல நாந்தான் வாசிப்பேன்."